பட்டாவுக்குப் படியளக்கும் சர்க்கார்

விவசாயிகளுக்கு சர்க்கார் ரொக்கமாகப் பணம் கொடுக்கிறது என்பது நாடெங்கும் ஒரு பெரிய தர்ம காரியம் போல் பேசப்பட்டு வருகிறது. 2019ஆம் வருஷம் பிப்ரவரி 24ந் தேதி கோரக்பூரில் ஆரம்பித்து வைக்கப்பட்ட பி.எம். கிசான் என்கின்ற திட்டப்படி, வருஷம் ஒன்றுக்கு 6,000 ரூபாய், நாலு மாதத்துக்கு ஒரு தடவை 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணையாய், நேரே பாங்கிக் கணக்கிலேயே சேர்க்கப்படுகிறது. இதன் 21வது தவணையை 2025 நவம்பர் 19ந் தேதி நமது கோயம்புத்தூரிலேயே பிரதம மந்திரியார் வந்து வெளியிட்டார். அந்த ஒரு தவணையில் மாத்திரம் சுமார் 9 கோடிப் பேருக்கு 18,000 கோடி ரூபாய் என்று சர்க்காரே சொல்லிற்று. வருஷக் கணக்காய்ப் பார்த்தால் சமீப காலத்து பட்ஜெட்டுகளில் இதற்கென்று ஒதுக்கப்பட்டு வந்தது 60,000 கோடி ரூபாய் அளவு ஆகும். இந்தப் பணம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. சோப்பு வாங்குகிறவளும், பிள்ளைக்கு பிஸ்கோத்து வாங்குகிறவளும் வரி கொடுத்து வாங்குகிறாளாதலால், நாற்று நடப்போகும் கூலிக்காரியின் காசும் அந்த 60,000 கோடியில் கலந்தே இருக்கிறது.

விவசாயிக்குப் பணம் கொடுப்பதை நாம் குறை சொல்ல வரவில்லை. ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வைத்துக்கொண்டு உரக்கடைக்கும் வட்டிக்கடைக்குமாக அலைந்து திரியும் சிறு குடியானவனுக்கு 6,000 அல்ல, 16,000 கொடுத்தாலும் நாம் சந்தோஷப்படுவோமே ஒழிய வயிறெரிய மாட்டோம். நாம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். விவசாயி என்பவன் யார்?

சர்க்கார் இதற்குத் தன் விதிகளிலேயே விடை எழுதி வைத்திருக்கிறது. எவர் பெயரில் சாகுபடிக்கு லாயக்கான நிலம் சர்க்கார் கணக்கில் பதிவாகியிருக்கிறதோ அவர் குடும்பம்தான் விவசாயக் குடும்பம். அவர் ஏர் பிடித்தாரா, நாற்றுப் பறித்தாரா, தம் நிலத்தின் வரப்பு எந்தத் திக்கில் இருக்கிறது என்றாவது அவருக்குத் தெரியுமா என்கின்ற விசாரணையே அதில் கிடையாது. குத்தகைக்கு எடுத்து உழுகிறவனுக்கு உண்டா என்றால் கிடையாது; நிலம் சொந்தமாயிருப்பது ஒன்றே தகுதி என்று பளிச்சென்று பதில் சொல்லப்படுகிறது. கூலிக்கு உழைக்கிறவனைப் பற்றியோ பேச்சே இல்லை.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் நஞ்சை என்று வைத்துக் கொள்வோம். அதன் சொந்தக்காரர் இரண்டு தலைமுறையாய்ச் சென்னையில் குடியிருக்கிறார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். குத்தகைக்காரன் விதை வாங்குகிறான், உரம் வாங்குகிறான், மழையில் கதிர் சாய்ந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்காருகிறான். ஆனாலும் குத்தகையை அளந்தாக வேண்டும். அவனுடைய வயலில் பத்துப் பெண்கள் முழங்கால் சேற்றில் நின்று நடுகிறார்கள். இந்தப் பன்னிரண்டு பேரில் சர்க்கார் கண்ணுக்கு விவசாயியாய்த் தெரிகிறவர் சென்னைக்காரர் ஒருவர்தான்! மற்ற பதினொரு பேரும் என்னவென்று சர்க்கார் சொல்லட்டும்.

மந்திரிகள், சட்டசபை மெம்பர்கள், வருமான வரி கட்டுவோர், தொழில் நடத்தும் டாக்டர், வக்கீல், என்ஜினீயர், மாதம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் பென்ஷன் வாங்குவோர் முதலியவர்களை விதியில் விலக்கித்தானே இருக்கிறார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான், நாம் மறைக்கவில்லை. ஆனால் இது பசையுள்ளவர்களில் சிலரை விலக்கியதாகுமே தவிர, பாடுபடுகிறவனைச் சேர்த்ததாக எப்படி ஆகும்? அதிலும் ஆரம்பத்தில் 2 ஹெக்டேர், அதாவது 5 ஏக்கருக்குட்பட்டவர்களுக்கு மாத்திரம் என்று இருந்த திட்டத்தை, எலெக்ஷன் முடிந்த கையோடு 2019 ஜூன் முதல், எத்தனை ஏக்கர் இருந்தாலும் சரி என்று அகலப்படுத்தினார்களே, அப்போது நிலமே இல்லாத உழைப்பாளியின் ஞாபகம் ஒரு நிமிஷமாவது வந்ததா? ஐந்து ஏக்கரிலிருந்து மேலே ஏறத் தெரிந்தவர்களுக்கு, ஐந்து ஏக்கரிலிருந்து கீழே இறங்கத் தெரியவில்லை.

இவ்வளவும்கூட நமக்குப் பெரிதில்லை. இந்தத் திட்டத்தை வகுத்த போது போடப்பட்ட ஒரு விதியை வாசகர்கள் நிதானமாய்ப் படிக்க வேண்டும். 1-2-2019ந் தேதியில் யார் பெயரில் நிலம் இருந்ததோ அவர்களே பாத்தியதை உள்ளவர்கள்; அதற்கப்புறம் பெயர் மாறினால் அந்த மாறுதலை 5 வருஷத்துக்கு ஒப்புக்கொள்ள முடியாது; ஆனால் சொந்தக்காரர் செத்துப்போய் வாரிசுக்கு வந்த நிலமானால் ஒப்புக்கொள்ளலாம். இதுதான் அந்த விதி.

இதன் அர்த்தம் என்ன? ஒரு பண்ணையாளின் மகன் திருப்பூர் பனியன் கம்பெனியில் இரவு பகலாய் உழைத்து, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் காசு சேர்த்து, தன் பாட்டன் அடிமையாய் உழுத அதே நிலத்தில் அரை ஏக்கரை 2019 மார்ச்சில் கிரயம் வாங்கினானானால், அவன் விவசாயி அல்ல. அதே வருஷத்தில் அடுத்த வயல்காரர் இறந்து, வயலையே பார்த்திராத அவர் மகன் பெயருக்குப் பட்டா மாறினால் அவன் விவசாயி. உழைத்து வாங்கினால் இல்லை. பிறந்து வாங்கினால் உண்டு! தகுதி என்பது தொழிலால் அல்ல, பிறவியால் வருவது என்று சாஸ்திரம் சொன்னபோது அதைக் கொளுத்த வேண்டும் என்று சொன்னவர்கள் நாம். அதையே ஆபீஸ் பாஷையில் சுற்றறிக்கையாய் எழுதி, நம்பரும் தேதியும் போட்டு அனுப்பினால் அது நியாயமாகி விடுமா? வேஷ்டியை அவிழ்த்துவிட்டுக் கால்சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கும் வருணாசிரமம் என்றுதான் நாம் இதைச் சொல்லுவோம்.

கலப்பையின் இரும்பு முனை பூமியையும் அதிலுள்ள பிராணிகளையும் காயப்படுத்துகிறதாம். ஆகையால் உழவு இழிந்த தொழில் என்று மனுதர்மத்தின் பத்தாவது அத்தியாயம் சொல்கிறது. உழுவது இழிவு. உழுது வந்த நெல்லைச் சாப்பிடுவது மாத்திரம் இழிவல்ல! அந்தப் புத்தி இன்னும் போகவில்லை என்பதற்கு, உழைப்பைக் கண் கொண்டு பாராமல் பத்திரத்தை மாத்திரம் பார்க்கும் இந்தத் திட்டத்தைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

கணக்கைப் பார்ப்போம். 2011ஆம் வருஷத்து சென்சஸ்படி இந்தியா முழுவதிலும் சாகுபடியாளர் என்று எழுதப்பட்டவர்கள் சுமார் 11.9 கோடி; விவசாயக் கூலிகள் 14.4 கோடி. நம் தமிழ்நாட்டில் சாகுபடியாளர் சுமார் 42 லட்சம். கூலிகளோ 96 லட்சம். ஆகவே வயலில் கால் வைக்கிறவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் நம் தமிழ்நாட்டில் கூலிகள். அந்த இரண்டு பங்குப் பேரை விட்டுவிட்டு, மிச்சமுள்ள ஒரு பங்கிலும் குத்தகைக்காரனைத் தள்ளிவிட்டு, அதற்கு விவசாயிகள் உதவித் திட்டம் என்று பெயர் வைப்பது எவ்வளவு துணிச்சல்!

அந்தக் கூலிகள் யார் என்பதையும் வெளிப்படையாய்ச் சொல்லிவிடுவோம். 2015-16ஆம் வருஷத்து விவசாயக் கணக்கெடுப்புப்படி, சாகுபடிப் பரப்பில் ஆதி திராவிடர் முதலிய பட்டியல் ஜாதியார் கையில் இருந்தது நூற்றுக்கு 9 பங்குக்கும் குறைவு. ஜனத்தொகையிலோ அவர்கள் நூற்றுக்கு 16க்கு மேல். பெண்கள் பெயரில் இருந்த சாகுபடி நிலங்கள் நூற்றுக்குச் சுமார் 14. நடவும் களையும் அவள் வேலை, பட்டா அவன் பெயர். எனவே பட்டாவைப் பார்த்துப் பணம் கொடுப்பது என்றால், ஜாதியையும் மீசையையும் பார்த்துப் பணம் கொடுப்பது என்றுதான் முடியும். சட்டப் புஸ்தகத்தில் ஜாதி என்கிற வார்த்தையை எழுத வேண்டிய அவசியமே இல்லை. நிலத்தின் பேரில் எழுதினால் தானே ஜாதியின் பேரில் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்தப் பட்டாக்கள் என்ன, ஆகாயத்திலிருந்தா வந்தன? ராஜாக்கள் பிரமதேயமென்றும் மானியமென்றும் தாரை வார்த்தது ஒரு பங்கு. வெள்ளைக்காரன் ஜமீன்தார், மிராசுதார் என்று முத்திரை குத்தியது ஒரு பங்கு. செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் என்பவர் பறையர்களின் நிலைமையைப் பற்றி எழுதிய ரிப்போர்ட்டின் பேரில், 1892இல் தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று நிலம் ஒதுக்க உத்தரவாயிற்று. பஞ்சமி நிலம் என்பது அதுதான். பத்து வருஷம் வரை யாருக்கும் விற்கக்கூடாது, அதற்குப் பின்னும் தங்கள் வகுப்பாருக்கன்றி வேறெவருக்கும் கொடுக்கக்கூடாது என்றெல்லாம் நிபந்தனை இருந்தும், அந்நிலங்களில் ஏராளமானவை எப்படியெப்படியோ மற்றவர் கைக்குப் போயின என்பது ஊரறிந்த விஷயம். இப்போது அப்படிக் கைமாறிய நிலத்துக்கு எவர் பெயரில் பட்டா இருக்கிறதோ அவர் 6,000 ரூபாய் வாங்கிக் கொள்வதைத் தடுக்க விதியில் ஒரு வார்த்தையும் இல்லை. பறிகொடுத்தவனின் பேரன் அதே வயலில் கூலிக்கு நின்றால் அவனுக்கு ஒன்றுமில்லை. 1961இல் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றும், 1970இல் 15 என்றும் உச்சவரம்புச் சட்டம் போட்டார்கள். அதிலிருந்து தப்பப் பிள்ளை பெயரிலும் மைத்துனன் பெயரிலும் பிரித்து எழுதப்பட்ட பட்டாக்கள், இன்று ஒவ்வொன்றும் ஒரு தனி விவசாயக் குடும்பமாகி நிற்க வழி இருக்கிறது. கூடக் கொஞ்சம் நெல் கூலியாய்க் கேட்டு நின்ற கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25ந் தேதி இரவு 44 உயிர்கள் ஒரே குடிசையில் கரிக்கட்டையாயின. கேட்டதற்கு நெருப்பு. கேளாமலே பாங்கியில் பணம் வந்து விழுவது வேறு சிலருக்கு!

சுவாமி சங்கதியையும் சொல்லிவிடுவோம். தமிழ்நாட்டில் அறநிலையத் துறையின் கணக்கில் கோயில்களுக்கு இருக்கும் நிலம் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. இதில் எத்தனையோ ஆயிரம் குடும்பங்கள் பாட்டன் காலத்திலிருந்து உழுது குத்தகை அளந்து வருகின்றன. பட்டா யார் பெயரில்? சிவன் பெயரிலும் பெருமாள் பெயரிலும். சுவாமிக்கு ஆதார் அட்டை கிடையாது. தவிரவும் ஸ்தாபனங்களுக்கு இந்தப் பணம் கொடுப்பதில்லை என்று விதி. சரி, உழுகிறவனுக்காவது கொடுங்கள் என்றால், நிலம் சுவாமியுடையது, உன்னுடையது அல்ல என்கிறார்கள். கல் உழவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், இவன் உழுகிறான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் இருவருக்கும் இல்லை என்று எழுதிவிட்டு எழுந்துபோவதற்கு எவ்வளவு பக்தி வேண்டும் பாருங்கள்!

ஏக்கர் கணக்கில் கொடுத்தால் இந்த அநியாயம் இன்னும் பச்சையாய்த் தெரியும். தெலங்கானாவில் 2018 மே மாதம் ரைது பந்து என்று ஆரம்பித்தார்கள். ஏக்கருக்குப் போகம் ஒன்றுக்கு 4,000 ரூபாய், பிற்பாடு 5,000. இவ்வளவு ஏக்கர்தான் என்று வரம்பே வைக்கவில்லை. இரண்டு ஏக்கர்காரனுக்கு 8,000 என்றால் ஐம்பது ஏக்கர்காரனுக்கு 2 லட்சம். குத்தகைக்காரனுக்கு இல்லை. சீமையிலும் இப்படித்தான் நடந்தது. இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்திருந்த காலத்தில், நிலப் பரப்பைப் பார்த்துக் கொடுத்த விவசாய மானியத்தில், எலிசபெத் ராணியாரின் சாண்ட்ரிங்காம் பண்ணையும் லட்சக்கணக்கான பவுன் வாங்கிற்று. ராணியம்மாளும் ஏழைக் குடியானவள் ஆகிவிட்டாள்! பரப்பைப் பார்த்துப் பணம் கொடுக்கிற எந்தத் தேசத்திலும் பெரிய மடி உள்ளவனுக்குத்தான் பெரிய பங்கு போய் விழும். அதுமட்டுமல்ல, நிலத்துக்கென்று வருஷா வருஷம் பணம் வருமானால் நிலத்தின் விலையும் குத்தகையும் ஏறத்தான் செய்யும். ஆகவே குத்தகைக்காரனுக்கு மானியம் கிடைக்காததோடு நிற்காமல், மானியத்தினால் நஷ்டமும் ஏற்பட இடமிருக்கிறது.

மற்ற உதவிகளும் இதே வழியில்தான் ஓடுகின்றன. 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் கூட்டுறவு பாங்கிகளின் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய், 16.43 லட்சம் பேருக்குத் தள்ளுபடி என்று அறிவித்தார்கள். பயிர்க்கடன் வாங்கச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். கூலிக்காரியின் கடனோ வாரவட்டிக்காரனிடத்தில் இருக்கிறது. அதை யாரும் தள்ளுபடி செய்யவில்லை. 2025ஆம் வருஷத்துக் குறுவைத் தொகுப்பில் இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் மானியம் வைத்தார்கள். இயந்திரம் வேண்டாம் என்று சொல்லுகிற கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல நாம். பெண்கள் நாளெல்லாம் சேற்றில் இடுப்பொடியக் குனிந்து நிற்க வேண்டும் என்று எந்தக் கடவுளும் விதிக்கவில்லை. அந்த வேலையை இரும்பு செய்யட்டும், நல்லது. ஆனால் அந்த ஏக்கரில் நட்டுக் கூலி வாங்கிக்கொண்டிருந்த பெண்களுடைய நடவுநாள் போய்விட்டதே, அதற்கு என்ன வழி? மிஷினை அமர்த்துகிறவருக்கு 4,000. மிஷினால் வேலை இழந்தவளுக்கு என்ன? அவள் கொடுத்த வரியைக் கொண்டே அவள் கையிலிருந்த வேலையைப் பிடுங்குவதற்குப் பெயர் வேளாண்மை வளர்ச்சி.

ஆட்சேபணை சொல்லுகிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். கூலிக்காரர்களுக்குத்தான் 2005இல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்ததே, ரேஷன் அரிசி இருக்கிறதே என்பார்கள். நூறு நாள் வேலை என்று வந்தது வேலை செய்ததற்குக் கூலி, அது தானமல்ல. வெயிலில் மண் வெட்டினால்தான் காசு. பட்டாதாரர் 6,000 ரூபாய்க்கு எத்தனை கூடை மண் சுமந்தார்? அரிசி கார்டு பட்டாதாரருக்கும்தான் இருக்கிறது. அந்த நூறு நாள் வேலையினால் வயலுக்கு ஆள் கிடைக்கவில்லை, சோம்பேறிகளாகி விட்டார்கள் என்று சத்தம் போட்டவர்கள் யார் என்பதையும், அவர்களில் ஒருவராவது சும்மா வந்த 2,000 ரூபாய் தம்மைச் சோம்பேறியாக்கிவிட்டது என்று திருப்பி அனுப்பினாரா என்பதையும் வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

கூலிக்காரனையும் குத்தகைக்காரனையும் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது, பொய்க் கணக்கு வந்துவிடாதா என்பது இன்னொரு ஆட்சேபணை. பட்டாவைக் கேட்டுக் கொடுத்தபோது மாத்திரம் பொய்க் கணக்கு வரவில்லையா? 2020இல் தமிழ்நாட்டிலேயே தகுதியில்லாதவர்கள் லட்சக்கணக்கில் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டுச் சுமார் 110 கோடி ரூபாய் போனது வெளிப்பட்டு, சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது, ஒப்பந்த ஊழியர்கள் வேலையை இழந்தார்கள், சிலர் கைதானார்கள். அதற்குப் பத்திரிகைகள் போட்ட கூச்சல் கொஞ்சமல்ல. விதியை மீறிப் போன 110 கோடிக்காக அவ்வளவு ஆத்திரப்பட்டவர்கள், விதிப்படியே உழைப்பாளிக்குப் போகாமல் நிற்கும் ஆயிரக்கணக்கான கோடிக்கு ஒரு வரியாவது எழுதினார்களா? எந்த ஊரில் எவள் நடுகிறாள், எவன் அறுக்கிறான், எவன் எந்த வயலைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறான் என்பது அந்தந்த ஊரில் தெரியாத ரகசியமா? தமிழ்நாட்டில் குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்வதற்கென்றே 1969இல் ஒரு சட்டம் செய்யப்பட்டது. சட்டம் இருக்கிறது; பதிவுதான் பெயருக்கு இருக்கிறது.

மனமிருந்தால் செய்ய முடியும் என்பதற்கு வெளியே சாட்சி உண்டு. ஒரிசாவில் 2018 கடைசியில் காலியா என்ற திட்டத்தில் பங்குக் குத்தகைக்காரரைச் சேர்த்தார்கள். நிலமற்ற விவசாயக் குடும்பத்துக்கு ஆடு, கோழி முதலியவை வைத்துப் பிழைக்க 12,500 ரூபாய் என்றும் வைத்தார்கள். ஆந்திராவில் 2019இல் ரைது பரோசாவில், தாழ்த்தப்பட்ட, மலைஜாதி, பிற்பட்ட, சிறுபான்மை வகுப்புகளைச் சேர்ந்த நிலமற்ற குத்தகைக்காரருக்கும் வருஷம் 13,500 உண்டு என்றார்கள். ஆனால் அங்கே ஒரு சூட்சுமம்: சாகுபடி அட்டை வாங்க நிலச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட்டால் நாளை நிலம் போய்விடும் என்று பயந்த சொந்தக்காரர்கள் பலர் போடவில்லை. பூனையைக் கேட்டுப் பாலுக்கு மூடி போடுகிற வேலை அது. நிலமற்ற கூலிக் குடும்பத்துக்கும் வருஷம் 12,000 என்று அதே தெலங்கானாவில் 2025 ஜனவரியில் ஆரம்பித்தார்கள். யார் கூலி என்பதை எப்படிக் கண்டார்கள்? நூறு நாள் வேலைப் பதிவில் 20 நாளாவது வேலை செய்த குடும்பம் எது என்று பார்த்தார்கள். அவ்வளவுதான் வித்தை.

ஆகவே நாம் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் அல்ல. விவசாயி என்பதற்குக் கையிலுள்ள காப்பைப் பார், காகிதத்தைப் பாராதே என்கிறோம். உழுகிற குத்தகைக்காரனுக்குப் பட்டாதாரரின் கையெழுத்தைக் கேளாமல் கொடுக்க வேண்டும். கோயில் நிலத்துக் குடிகளையும் அதில் சேர்க்க வேண்டும். கூலிக் குடும்பங்களுக்கு ஊராட்சி தோறும் தனிப் பதிவு திறந்து, பெண்ணின் பெயரை முதலில் எழுதி, அவள் கணக்கிலேயே பணம் போட வேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்றால், 5 ஏக்கர் வரம்பைத் திரும்ப வைக்கட்டும். ஊரை விட்டுப் போய்க் குத்தகை வாங்கித் தின்கிறவருக்கு நிறுத்தட்டும். போதாததைப் பிறகு பேசிக் கொள்வோம்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கிராம சபை கூட்டப்படுகிறது. அந்நாட்களில் தோழர்கள் ஒவ்வொரு ஊரிலும் எழுந்து, இந்த ஊரில் கிசான் பணம் வாங்குகிறவர்களின் பட்டியலை உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். படித்து முடித்ததும், இதில் இந்த வருஷம் சேற்றில் இறங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். குத்தகைக்காரரையும் கூலிகளையும் சேர்க்கக் கோரித் தீர்மானம் கொடுக்க வேண்டும். தீர்மானத்தைப் புஸ்தகத்தில் எழுத மறுத்தால், எந்த ஊரில், எந்தத் தேதியில், என்ன காரணம் சொல்லி மறுத்தார்கள் என்று நமக்கு எழுதி அனுப்பட்டும், வரிசையாய் வெளியிடுகிறோம்.